பாட்டனாரின் யுத்தக் கதையைப் பேணுவோம்

இடம்பெயரும்போது காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றை முதலில் எடுக்க நாம் பழகிவிட்டோம். றங்குப்பெட்டியின் அடியில் கிடந்த பழைய பதக்கத்தையும், காக்கி உடையில் பாட்டனார் நிற்கும் படத்தையும் எடுத்து வந்தவர்கள் சிலரே.

இரண்டாம் உலகயுத்தத்தில் எம் நாட்டவர் பலர் சேவை செய்தனர். சிலர் பீரங்கிப் படையில் சேர்ந்தனர். சிலர் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் கூலிக்கு நின்றனர். துவக்குத் தூக்காவிட்டாலும் அதுவும் சேவைதான். மலாயாவில் வாழ்ந்த தமிழர் பலர், 1943இல் சுபாஸ் சந்திரபோஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தனர். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையணியும் அமைக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழரில் ஆயிரக்கணக்கானோர் மீளவேயில்லை.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி, 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். குண்டுக்குப் பயந்து சனங்கள் மூட்டை கட்டியது அப்போதும் நடந்தது. இதை எம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அன்று சேவை செய்தோர் இன்று அநேகமாக இல்லை. கதை அவர்களின் பிள்ளைகளிடம் இருக்கிறது, அவர்களும் முதியோராகிவிட்டனர். பிரித்தானியாவில் பிபிசி நிறுவனம் 2003 முதல் 2006 வரை சாதாரண மக்களிடம் கேட்டு 47,000 யுத்தக் கதைகளைச் சேர்த்தது. எமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு கொப்பி போதும்.

"யுத்தத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால் ஆச்சிமார் "என்னத்தைச் சொல்ல மோனை" என்று எழும்பிவிடுவார்கள். என்ன சமைத்தீர்கள், கூப்பன் அரிசி எப்படி இருந்தது, ஐயா காசு அனுப்பினாரா என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லாவிட்டால், பெரும்போகத்துக்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். கைத்தொலைபேசியில் குரலையும் பதியலாம். ஆனால் தொலைபேசி தொலைந்தால் குரலும் போய்விடும்.

வெட்கமென்று மறைத்த கதைகளும் உண்டு. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். மூவர் அவ்வாண்டு ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். அதைப் பற்றி நோயல் குரூஸ் எழுதிய நூல் 2001இல்தான் வெளிவந்தது. வீரக்கதையை மட்டும் பொறுக்கி எழுதுவது கதையைப் பாதி புதைப்பதற்குச் சமம் என்பதே எம் எண்ணம். எனினும், "நான் இருக்குமட்டும் இதை வெளியில் சொல்லாதே" என்று ஒருவர் கேட்டால், அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறும். கடிதங்களுக்கும் படங்களுக்கும் போட்டோப் பிரதி எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினரிடம் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். மூலத்தைச் சொப்பிங் பையில் சுற்றி, காணி உறுதியுடன் ஒரே கட்டாக வையுங்கள்.