உடம்பின் நூலாலை – 7: அறுத்த இடத்தில் ஒரு சேதி

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பம் பக்கம் சுறாப்புட்டுக்கு மீன் வேகவைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டுகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, மணல்போல் சொரசொரக்கும் மேல்தோலைச் சுரண்டுவார்கள். வெந்த தோலைத் தொட்ட விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோலில் இருந்த கொலாஜன் சூட்டில் பிரிந்து ஜெலட்டின் ஆகிவிட்டது; அந்தப் பிசுபிசுப்பு அதனால்தான்.

அந்தக் கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை. 1952இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் இந்தப் புதிரைப் போட்டுவிட்டுப் போக, ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுறாத் துடுப்புக் கொலாஜனை வாங்கி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். பிறகு கங்காரு வால் தசைநாணும் கைக்கு வந்தது. 1954இல் 'நேச்சர்' இதழில் விடை வெளியானது: மூன்று புரி முறுக்கிய கயிறு. முறுக்கு இறுக வேண்டுமென்றால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் உட்கார வேண்டும்.

உடம்பின் பாரத்தைத் தாங்கும் பொருள், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் தாங்குவதை எப்போதாவது கழற்றவும் வேண்டுமே? தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் தலைப்பிரட்டையின் வால் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்துப் பார்த்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்துபோனது. கொலாஜனை அறுக்கும் நொதி அப்படித்தான் பிடிபட்டது. அது கண்ட இடத்தில் கடிப்பதில்லை. முழு நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி, ஒரு கிளைசினுக்கும் அதையடுத்த ஐசோலியூசினுக்கும் (சில புரிகளில் லியூசினுக்கும்) நடுவில் மூன்று புரிகளையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் உடம்புச் சூட்டிலேயே முறுக்கவிழ்ந்துவிடும்.

இந்த வெட்டுமுனையில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ராஜேந்திர பட்நாகர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட கொலாஜன் புரியிலிருந்து 15 அமினோ அமிலங்களை மட்டும் தேர்ந்து, அதே வரிசையில் செயற்கையாகச் செய்தார். பெயர் பி-15. நொதி வெட்டும் அந்தக் கிளைசின்–ஐசோலியூசின் சந்திப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. செல்கள் தம் மேல்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற பிடிமானப் புரதத்தால் பி-15ஐப் பற்றிக்கொள்கின்றன. பற்றியதும் பெருகவும், எலும்புச் செல்லாக மாறவும் தொடங்குகின்றன. முழுக் கயிறும் வேண்டியிருக்கவில்லை.

இதை மருந்தாக்கிய விதம் எளிது. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருள் அனைத்தையும் நீக்கி, வெறும் தாதுத் துகள்களாக்கி, அவற்றின்மேல் பி-15ஐப் பூசினார்கள். செல்லுக்கு அது பழகிய இடம்போலத் தெரிகிறது. பல்லைச் சுற்றிக் கரைந்த எலும்பை வளர்க்க 1999இலும், கழுத்தில் வட்டு எடுத்த இடத்தில் எலும்புகளை இணைக்க 2015இலும் அமெரிக்க மருந்து ஆணையம் இதை அனுமதித்தது.

இதற்கும், புதுச்சேரிக் கடைகளில் டப்பா டப்பாவாக விற்கும் 'சருமம் இளமையாக்கும்' கொலாஜன் பொடிக்கும் எவ்வளவு தூரம்? குடித்த பொடியில் பெரும்பகுதி குடலில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். புரோலின்–ஹைட்ராக்சிபுரோலின் இரட்டைத் துண்டு போன்ற சில சிறு துண்டுகள் தப்பி ரத்தத்துக்குள் வருவது உண்மை. ஆய்வுக்கூடத்தில் அந்த இரட்டைத் துண்டு தோல் செல்களைத் தூண்டுவதும் உண்மை. ஆனால் முகத்துச் சுருக்கம் போனதாகச் சொல்லும் ஆய்வுகளில் பல, பொடி விற்பவர்களின் காசில் நடந்தவை. பி-15 செல்லின் வாசலிலேயே வைக்கப்படுகிறது. பொடியோ வயிறு வழியாகப் போகிறது. நானாக இருந்தால் அந்தக் காசுக்குச் சுறா வாங்குவேன்.

எல்லாத் துண்டும் 'வளர்' என்றே சொல்வதில்லை. பதினெட்டாம் வகைக் கொலாஜனின் வால்துண்டு ஒன்று ரத்தக் குழாய்களை 'வளராதே' என்று தடுக்கிறது. 1997இல் ஃபோக்மன் என்ற ஆய்வாளரின் குழு புற்றுக்கட்டிச் செல்களை வளர்த்த திரவத்தில் அதைக் கண்டெடுத்தபோது எழுந்த ஆரவாரமும் அதற்குப் பின் நடந்ததும் அடுத்த வாரம்.

(தொடரும்)