இரு சக்கரத் தடம் - 14: புல்லட் போகும், பெயர் போகாது

சென்ற வாரம் பழைய புல்லட்டின் வலப்பக்க கியரைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதைக் கைமாற்றி விடுவது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இது உள்ளூர்ச் சமாச்சாரம். ராயல் என்ஃபீல்டின் இந்தியப் புல்லட் திருவொற்றியூரில் 1950-களில் பிறந்தது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் ஆலை திறந்தது, பிறகு வல்லம் வடகாலிலும். திருவொற்றியூர் வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரகடத்து ஹிமாலயனை வாங்குகிறவர், செங்கல்பட்டு மாமா வீட்டிலிருந்து காஞ்சிபுரம் சித்தப்பா வீட்டுக்குப் போகிறவர் மாதிரிதான்.

ஏன் மாற்றுகிறார்கள்? முதுகு. சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு, 80-ஐத் தொட்டதும் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும் பழைய இரும்பு இன்ஜின் ரொமான்ஸ் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். 2016-இல் வந்த 411 சிசி ஹிமாலயனில் முன் சக்கரம் 21 அங்குலம், முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் இறங்கி ஏறும். பள்ளம் முதுகுக்கு வருவதற்குள் பாதி கரைந்துவிடும். சீட் உயரம் 800 மில்லிமீட்டர், எடையும் 200 கிலோவை ஒட்டி. கால் தரையில் பதியாவிட்டால் 2020-இல் வந்த மீட்டியர் 350 பாருங்கள். அதன் சீட் 765தான். ஹிமாலயன்தான் வேண்டுமென்றால் ஆரம்பகால கார்புரேட்டர் வண்டியை விட்டு, பின்னால் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தேடலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வருகிற வண்டியை இப்படிக் குடைகிறவர்கள், போகிற வண்டிக்குச் சாவியோடு பெயர் மாற்றத்துக்கான வெற்று ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். "நேம் டிரான்ஸ்ஃபர் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார் பழைய வண்டி கன்சல்டிங்காரர். அந்த ஃபாரம் தேதியில்லாமல் மேசை டிராயரில் கிடக்கும், புல்லட் மூன்று கை மாறும்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கார் விற்றுப் பல கை மாறிப்போயிருந்தது, ஆனால் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்து நடந்தது, இழப்பீட்டுக்குப் பொறுப்பு அந்த ஆர்.சி. பெயர்க்காரர்தான் என்றது நீதிமன்றம். அவர் விற்றுவிட்டார் என்பது செல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் உரிமையாளரைத் தேடி ஒவ்வொரு கையாக அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். எனக்கு அது சரியென்றே படுகிறது, விற்றவருக்குக் கசந்தாலும்.

2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலர்களுக்கு என்று விதியே வந்துவிட்டது. வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் பதிவு செய்தால், அடுத்த ஆள் வரும்வரை டீலரே உரிமையாளர் கணக்கு. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். புல்லட்டுக்கு 15 ஆண்டு தாண்டியிருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்தால்தான் பெயரே மாறும். பேரம் பேசும்போதே அந்தச் செலவு யாருடையது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போக வேண்டியதில்லை, அது உங்களுடையது. கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் வாங்குகிற வண்டியின் பாலிசியில் கழித்துக்கொள்வார்கள்.

(தொடரும்)