செப்டம்பர் 1: புறா வேட்டைக்கு அழைப்பு வந்தால்

ஆகஸ்ட் கடைசியில் டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு உடன் வேலை செய்பவரிடமிருந்து ஓர் அழைப்பு வரும். ஒன்றாம் தேதி எங்கள் பண்ணைக்கு வா, புறா சுடலாம், துப்பாக்கியும் தோட்டாவும் நான் தருகிறேன் என்பார். டெக்சஸின் வடக்கு, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்றுதான் புறா வேட்டை தொடங்குகிறது. அங்கே அது ஒரு திருவிழா. அழைப்பில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கக் குடிமகனான அந்த நண்பர் நினைத்தே பார்த்திராத ஒரு சட்டம் நம்மைப் பிடிக்கும்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி நண்பருடையது என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டைப் பையில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டாவும் இதில் அடங்கும். 2022-க்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. இதிலிருந்து விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தடையே கிடையாது. வேலை போய், அவகாச நாட்களும் கடந்து, சட்டப்படி தங்கும் தகுதியே போய்விட்டவருக்கு மட்டும் வேட்டை உரிமமும் உதவாது. அவர் துப்பாக்கியின் பக்கமே போகக் கூடாது.

ஆண்டு வேட்டை உரிமம் டெக்சஸில் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு முறையாக உரிமம் எடுத்தவர், புதுப்பிக்க மறந்து செப்டம்பர் 1 விடியலில் துப்பாக்கியைத் தூக்கினால், அந்த நிமிடத்தில் அவரைக் காக்க எதுவும் இல்லை. வீட்டு அலமாரியில் துப்பாக்கி வைத்திருக்கும் எச்-1பிக்காரருக்கும் இதே கதிதான். உரிமத்தோடு இடம்பெயர் பறவைகளுக்கான கூடுதல் ஒப்புதலும் வாங்க வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். இந்த வகுப்பைச் சடங்காக நினைக்காதீர்கள். துப்பாக்கியைத் தொட்டே அறியாத நமக்கு அது மிகவும் தேவை.

இனி துப்பாக்கி. ஷாட்கன்னின் குழல் முனையில் உள்ள சிறு குறுக்கம்தான் சோக். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் குவிந்து பாய்வது போல, சோக் இறுக இறுக ரவைகள் சிதறாமல் தொலைவு போகும். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து பார்த்தால், குறுக்கமே இல்லாத சிலிண்டர் ஏறக்குறைய 40 சதவீத ரவைகளை அதற்குள் சேர்க்கும். இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. இறுக்கமானதுதான் சிறந்தது என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். சூரியகாந்தி வயலிலும் குளத்தோரத்திலும் புறா பெரும்பாலும் 20 முதல் 30 கெஜத்துக்குள் வரும். அந்தத் தூரத்தில் ஃபுல் சோக் ஒரு தட்டு அகலத்துக்கே ரவையை வீசும். ஒன்று தவறும், இல்லையேல் பறவை சிதைந்து உணவுக்கு உதவாது போகும். தொடக்கத்துக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் போதும். பருவம் நகர்ந்து, புறாக்கள் பழகிப்போய் உயரத்தில் பறக்கும்போது மாடிஃபைடு. அதற்கும் எட்டாத பறவையைச் சுடாமல் விட்டுவிட வேண்டும். அடிபட்டுப் புதருக்குள் விழுந்து, கிடைக்காமலே சாகும் புறாவைப் பற்றி வேட்டைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. சட்டமோ, விழுந்த பறவையை முடிந்தவரை தேடி எடுக்கவே சொல்கிறது.

ரவையின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். ஈயத்தில் 7½, 8 ஆகிய எண்கள் புறாவுக்கு வழக்கமானவை. 8-ஆம் எண்ணில் ஓர் அவுன்சுக்கு 400-க்குச் சற்று மேல் ரவைகள் இருக்கும். 7½-இல் சுமார் 350. எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால் அதில் சற்றுப் பெரிதாக 6 அல்லது 7-ஆம் எண்ணை எடுக்க வேண்டும். எஃகு ரவை நசுங்காமல் குவிந்தே போகும். ஆகவே சோக்கை ஒரு படி தளர்த்தலாம். பழைய துப்பாக்கியின் ஃபுல் சோக்கில் எஃகைச் சுட்டால் குழலே புடைத்துவிடக்கூடும்.

நான் எஃகின் பக்கம்தான். நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை 1991-லேயே அமெரிக்கா முழுவதும் தடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் தடுத்துவிட்டது. டெக்சஸில் தனியார் நிலத்துப் புறா வேட்டைக்கு ஈயம் இன்னும் செல்லுபடியாகிறது. தரையில் விழுந்த ரவையைத் தானியம் என்று எண்ணிப் புறா விழுங்கும். இரைப்பைக்குள் கல்லோடு சேர்ந்து அரைபட்டு ஈயம் இரத்தத்தில் ஏறும். எஃகு புறாவை வீழ்த்தாது என்ற பேச்சை டெக்சஸிலேயே 2008, 2009 பருவங்களில் சோதித்தார்கள். கையில் இருப்பது எந்த உலோகம் என்று தெரியாமல் வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். வீழ்ந்த பறவைகளின் கணக்கில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

நம் சமையலறைக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. ஈய ரவை சதைக்குள் நுழையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை விட்டுச் செல்லும். ரவையைப் பொறுக்கி எடுத்தாலும் அவை போகா. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் ஈயத்தைக் கரைத்துக் குழம்பில் இறக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. ஈயத்தால் சுட்ட புறாவைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பரிமாறாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயப் பரிசோதனை கேளுங்கள். 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணிலும் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

களத்தில் உயிரைக் காக்கும் விதிகள் சில. புறாவுக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழப் பறப்பதைத் துரத்திக் குழலைத் திருப்பும்போதுதான் பக்கத்தில் இருப்பவர்மேல் ரவை பாய்கிறது. 7½ ரவை 200 கெஜம் வரை போய் விழக்கூடும். கண்ணாடி அணியாமல் வயலில் நிற்காதீர்கள். 12 கேஜ் துப்பாக்கிக்குள் 20 கேஜ் தோட்டா நுழைந்து பாதியில் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அதன் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதனால்தான். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 புறா. நம் ஊர் வேலிகளில் கழுத்தில் கருங்கோட்டோடு உட்காருமே, அந்தக் கள்ளிப்புறா அங்கே வெளியிலிருந்து வந்த இனம். அது இந்தக் கணக்கில் வராது. வேலிக் கம்பத்தில் ஊதா நிறக் கோடு கண்டால் அனுமதியின்றி நுழையாதீர்கள். தானியம் தூவிப் புறாவை வரவழைத்த இடத்தில் சுடுவதும் குற்றம். விளைந்த வயலை அங்கேயே வெட்டிப் போட்டிருந்தால் தவறில்லை; வெளியிலிருந்து கொட்டியிருந்தால், அதை முழுதும் அகற்றிப் 10 நாள் ஆகும்வரை அங்கே சுடக் கூடாது. தெரியாது என்ற பதில் எல்லா வேளையிலும் எடுபடாது; தெரிந்திருக்க வேண்டியவர் என்றாலே குற்றமாகிவிடும். நில உரிமையாளரிடம் முதல் நாளே கேளுங்கள். வயலை நீங்களும் நடந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வழக்கு என்று வந்துவிட்டால், சிறு அபராதம்தானே, ஒப்புக்கொண்டு போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். துப்பாக்கிச் சட்டத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால் நாடுகடத்தலுக்கு அதுவே காரணமாகலாம். மௌனம் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று வழக்கறிஞர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது அப்படித்தான். ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.