ஒரு பூட்டா, பல பூட்டுகளா?

கார் நிக்கோபாரில் பணிபுரியும் தந்தையாரைக் காணச் சென்ற விடுமுறையில், மூஸ் துறைக்கு அருகே ஒரு கொப்பரைக் கிடங்கைப் பார்த்தேன். அறைகள் நான்கு, வாயிலுக்கோ ஒரே பூட்டு. ஒருவர் உள்ளே மூட்டை எண்ணினால், வேறு அறைக்கு வந்தவரும் வெளியே வெயிலில் நிற்க வேண்டும்.

"அறைக்கு ஒரு பூட்டுப் போட்டால் என்ன, ஐயா?" என்றேன்.

"தராசு அறைச் சாவி ஒருவனிடமும் கொப்பரை அறைச் சாவி இன்னொருவனிடமும் இருந்தால், இருவரும் முகம் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், தம்பி" என்றார் கிடங்குக்காரர். அன்று அதை நான் மதிக்கவில்லை.

நண்பர்களே, ஒரு கணிப்பொறிக்குள் வேறொரு பொறியை நடிக்க வைக்கும் நிரல்கள் உண்டு. ஃபாப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு அவற்றுள் புகழ் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி அமைந்த பலகையையும் அது நடித்துக் காட்டும். நடிக்கப்படும் பொறிக்கு நான்கு செயலிகள் இருந்தால்? அயற்பொறியின் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் முறையில், நான்கும் நெடுங்காலம் ஒரே இழையில் முறைவைத்தே ஓடின. நம் பொறியில் எத்தனை கருக்கள் இருந்து என்ன பயன்?

2017-இல் வந்த 2.9-ஆம் பதிப்பில்தான், சில வகைப் பொறிகளுக்கேனும், செயலிக்கு ஓர் இழை என்னும் வழி பிறந்தது. பெரும்பூட்டு அப்போதும் ஒழியவில்லை. மொழிபெயர்த்த கட்டளைகள் ஓடும்போது அதை விட்டுவிடுவர். வட்டு முதலிய கருவிகளைத் தொடும்போது பிடிப்பர். மொழிபெயர்ப்புகளைக் காத்த மற்றொரு பொதுப்பூட்டும் 2018-இல் நீங்கி, நினைவகத்தின் பக்கத்துக்கு ஒரு சிறு பூட்டு வந்தது.

இதைப் படித்த ஊக்கத்தில், நான் எழுதிய சிறு நடிப்பு நிரலிலும் பக்கத்துக்கு ஒரு பூட்டுப் போட்டேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு அது நின்றது. பிழைச் செய்தி இல்லை. விசிறியின் ஓசையும் இல்லை. விடியும் வேளையில்தான் காரணம் கண்டேன். ஏழாம் பக்கத்தில் தொடங்கி எட்டில் முடியும் கட்டளைகளை மொழிபெயர்க்க ஓர் இழை ஏழைப் பூட்டிவிட்டு எட்டுக்குக் காத்திருந்தது. எட்டிலிருந்து ஏழுக்குச் செய்தியைப் படியெடுக்க வந்த இழையோ எட்டைப் பூட்டிவிட்டு ஏழுக்குக் காத்திருந்தது. தராசும் கொப்பரையுமேதான்!

க்யூஎமு இதற்கு எளிய நெறி வைத்திருக்கிறது. இரு பக்கங்கள் வேண்டுமெனில், சிறிய எண்ணுடையதையே எவரும் முதலில் பூட்ட வேண்டும். ஏழைப் பெறாதவன் எட்டைத் தொடான். ஆகவே எதிரெதிர் நிற்பதற்கு இடமில்லை.

என் நிரலில் அதைப் புகுத்த அன்று நேரமில்லை. ஒரே பெரும்பூட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு தேர்வுக்குச் சென்றேன். நத்தையாய் ஊர்ந்தது, ஆயினும் ஓடியது.