ஆலைகளும் ஆடலரங்குகளும்

மும்பை லோயர் பரேல் வட்டாரத்தை மராத்தியர் 'கிரண்காவ்' என்பர். ஆலையூர் என்பது பொருள். 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் பல ஆலைகள் மீளவேயில்லை.

தறிகள் போயின, உயர்ந்த கூரையும் அகன்ற தளமும் நின்றன. பேரிரைச்சலைத் தாங்கிய கட்டடம் மின்னிசைக்கு ஏற்றதன்றோ! 2007-இல் மதுராதாஸ் ஆலை வளாகத்தில் 'புளூ ஃபிராக்' இசை விடுதி தோன்றி, 2016 வரை நடந்தது. ஜெர்மனியிலும் இதே கதைதான். பெர்லினின் பழைய மின்நிலையம் ஒன்றில் 2004-இல் 'பெர்கைன்' நடன விடுதி பிறந்தது.

பழைய சுவர்களுக்குள் புதிய இசை ஒலிப்பதை நாம் குறைகூறோம். இடித்தெறிவதினும் அது நன்றே. ஆனால், 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்த வேளையில், கமலா ஆலை வளாகத்தின் மொட்டைமாடி விடுதிகளில் மூண்ட தீ 14 உயிர்களைக் குடித்தது. கழிப்பறையில் ஒதுங்கிய பலர் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், அன்று எல்பின்ஸ்டன் ரோடு எனப்பட்ட பிரபாதேவி நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் 23 பேர் நெரிசலில் மாண்டிருந்தனர். வட்டாரத்தின் தொழில் மாறிற்று. மக்கள் வெளியேறும் வழி மாறவில்லை.

கட்டடத்தின் தொழில் மாறும்போதே அதன் வாயில்களையும் படிகளையும் அளந்து பார்ப்பது நகராட்சியின் கடன். நம் கடனும் ஒன்றுண்டு. இசை கேட்கச் செல்லும் நம் பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. உள்ளே நுழைந்ததும், மேடையைப் பார்க்குமுன், வெளியேறும் வழியைப் பார்த்துவைக்கச் சொல்வோம்.