சமரசத்துக்கு வங்கி மறுத்தால் வீடு என்னவாகும்?

மளிகைக் கடைக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கப் போனால் சரக்கு இருப்பை மட்டும் காட்டினால் போதாது. பெரும்பாலும் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தையும் கேட்கிறார்கள். நாமும் கொடுத்துவிடுகிறோம். வியாபாரம் ஓடும்வரை அந்தப் பத்திரத்தின் நினைவே வருவதில்லை. வெளியில் நிற்கும் பாக்கி வசூலாகாமல், 90 நாட்களுக்கு மேல் வட்டி கட்ட முடியாமல், கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் வீடும் சேர்ந்து அடகில் இருப்பது உறைக்கிறது.

சென்ற மாதம் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு கடிதத்துடன் சங்க அலுவலகத்துக்கு வந்தார். அசலும் வட்டியுமாக 18 லட்சம் பாக்கி. 11 லட்சத்தை ஒரே தடவையில் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்வதாக வங்கிக்கு எழுதியிருந்தார். "ஏற்பதற்கில்லை" என்று ஒற்றை வரியில் பதில். இனி வீடு போனதுதான் என்று மனிதர் இடிந்துபோயிருந்தார். அவர் கடிதத்தைப் பார்த்த பிறகே இதை எழுதத் தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே தவணைத் தீர்வு என்பது வங்கி தரும் சலுகை. கடன் வாங்கியவரின் உரிமை அன்று. அதைத் தரும்படி வங்கிக்கு உயர் நீதிமன்றம் ரிட் உத்தரவு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மறுத்ததற்காகவே வழக்குப் போடுவது வக்கீல் கட்டணத்துக்குக் கேடு.

ஆனால் மறுத்த காரணத்தைக் கேட்டு அறிவதில் பயன் உண்டு. நம் உறுப்பினரின் வீடு 40 லட்சம் பெறும். 40 லட்சம் பெறும் வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு 18 லட்சத்தில் 7 லட்சத்தை எந்த வங்கி விடும்? நாமே அந்த நாற்காலியில் இருந்தாலும் விடமாட்டோம். வீட்டின் மதிப்பு குறைவாகவோ, பங்காளி வழக்கு, வாடகைதாரர் தகராறு என்று விற்பதில் சிக்கல் உள்ளதாகவோ இருந்தால் கதை வேறு. எனவே இரண்டாவது கடிதம் எழுதும்போது அசலைக் குறைக்கச் சொல்லாமல், அபராத வட்டியையும் சேர்ந்துபோன வட்டியில் ஒரு பகுதியையும் தள்ளிக் கேட்பது நடக்கக்கூடிய காரியம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதில் காட்ட வேண்டும். முன்பணமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுக் கேட்டால் கடிதத்துக்குத் தனி மதிப்பு. ஒவ்வொரு வங்கியிலும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட சமரசக் கொள்கை இருக்க வேண்டும் என்பது 2023இல் ரிசர்வ் வங்கி விதித்தது. கிளையில் முடியாதது வட்டார அலுவலகத்தில் முடிவதும் உண்டு.

இதற்கிடையே கடிகாரம் ஓடுகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புகிற அன்பர்கள் இருக்கிறார்கள். அதைப்போல் தீங்கு வேறில்லை. கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை, வட்டிக் கணக்கு தவறு என்பது போன்ற ஆட்சேபங்களை அந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்தால், ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை 15 நாட்களுக்குள் வங்கி தெரிவித்தாக வேண்டும். சமரசக் கோரிக்கை வேறு, ஆட்சேபம் வேறு. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம். அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பாக்கி நின்றால் இந்தச் சட்டமே பாயாது என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்க.

எங்கள் அபிப்பிராயத்தில், சமரசம் கைகூடாதவருக்கு மிக நல்ல வழி தாமே வீட்டை விற்பதுதான். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் மேற்படி வீட்டையே எடுத்துக்கொள்வோம். நிதானமாக ஆள் தேடி 38 லட்சத்துக்கு விற்றால் கடன் போக 20 லட்சம் கையில் நிற்கும். புறநகரில் சிறிய வீடொன்று வாங்கலாம். ஏலத்தில் அதே வீடு 30 லட்சத்துக்குப் போனால், ஏலச் செலவும் ஏறிக்கொண்டே வந்த வட்டியும் கழிந்து மிச்சம் பத்து லட்சம் தேறுமா என்பதே சந்தேகம். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கக் கூடாது என்பது சட்டம். வாங்குபவரையே வங்கிக்கு அழைத்துப் போய், அவர் பணம் நேரே கடன் கணக்கில் சேரும்படி ஏற்பாடு செய்தால் வங்கிகள் பொதுவாகத் தடை சொல்வதில்லை. மூலதன ஆதாய வரியைப் பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. பணம் முழுவதும் வங்கிக்கே போனாலும் வரிப் பொறுப்பு நம்முடையது.

பணம் முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை எதுவரை என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. ஏலத்தன்று பணத்துடன் போய் நிற்கலாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்த பின் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இருக்கிறது. நோட்டீஸ் முறையாகச் சார்பாகவில்லை, வீட்டைக் குறைத்து மதிப்பிட்டார்கள், ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தரவில்லை என்று காட்ட முடிந்தால் நிவாரணம் கிடைக்கும். தடை உத்தரவுக்கு ஒரு தொகை கட்டச் சொல்வது வழக்கம். அங்கே தோற்று மேல்முறையீடு போவதென்றால் பாக்கியில் பாதி, குறைந்தது கால் பங்கு கட்டியாக வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியைச் சட்டமே அடைத்திருக்கிறது.

லோக் அதாலத்தையும் விட்டுவிட வேண்டாம். கிளையில் மறுத்த தொகைக்கு அங்கே வரும் அதிகாரி இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறோம்.

சிலர் இன்சால்வென்சி மனு போட்டால் வீடு தப்பும் என்று யோசனை சொல்கிறார்கள். கைமாற்றுக் கடன்காரர்களின் நெருக்கடி அதனால் தணியலாம். அடமானம் பெற்ற வங்கியின் பிடி தளராது. தனியாரிடம் வீட்டை அடமானம் வைத்தவர்கள் நிலை வேறு. அவர்கள் சர்ஃபாசி சட்டத்தில் வர முடியாது, கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் ஏலம் கேட்க வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி போலீசில் புகார் செய்யலாம். வங்கியின் வசூல் ஆட்களும் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது.

நம் உறுப்பினர் இப்போது வட்டிக் கழிவு மட்டும் கேட்டு, மைத்துனர் தந்த 3 லட்சத்தை முன்பணமாகக் கட்டி, இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. வீட்டுக்கு ஆள் பார்க்கும்படி தரகரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். எப்படிக் கணக்கு முடிந்தாலும் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். 30 நாட்களுக்கு மேல் வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி தனிநபர் கடன்களுக்கானது, வியாபாரக் கடனுக்கு அன்று. கடன் தீர்ந்த கடிதம் வாங்கும்போதே அடமான நீக்க ரசீதையும் பதிவு செய்து, புதிதாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட வேண்டும்.