கடனும் களவும்

நுழையும்முன்
பிறர் பொருளைக் கவர்தல் குற்றம் என்பதை அனைவரும் அறிவர். பிறர் எழுத்தையும் கருத்தையும் கவர்தலும் குற்றமே. உயர்கல்வி நிறுவனங்கள் அதனை ஏன் தடுக்கின்றன, எவ்வாறு தடுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்துத் திருட்டு
ஆய்வாளர் ஒருவர் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, வகைப்படுத்தி, விளக்கம் எழுதுகிறார் எனக் கொள்வோம். பின்வரும் மாணவர் அவ்விளக்கத்தைத் தம் ஆய்வேட்டில் எடுத்தாளலாம். ஆசிரியர் பெயரையும் நூலையும் பக்கத்தையும் குறிப்பிட்டு எடுத்தாண்டால் அது கடன். குறிப்பிடாமல் தம்முடையதாகக் காட்டினால் அது களவு. அக்களவினால் முன்னவரின் உழைப்பு பெயரற்றுப் போகிறது. அச்செய்தியை எங்கே சரிபார்ப்பது என்று அறியாமல் படிப்போரும் தடுமாறுகின்றனர். இதனையே கருத்துத் திருட்டு என்பர்.

முன்னோரைச் சுட்டுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் பல விதிகளைத் தமக்கு முந்தைய புலவர்களின் கூற்றாகவே மொழிகிறார். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. ஒரு நூல் முந்தைய நூலுக்குக் கடன்பட்டிருத்தல் இழுக்கன்று என்பது இதனால் விளங்கும்.

விதிகள் கூறுவன
கல்விசார் நேர்மையை வளர்க்கவும் கருத்துத் திருட்டைத் தடுக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, ஆய்வேடு தம் சொந்தப் படைப்பே என மாணவர் உறுதிமொழி அளித்தல் வேண்டும். நெறியாளரும் சான்றளித்தல் வேண்டும். ஆய்வேடு மென்பொருளின் துணையுடன் பிற எழுத்துகளோடு ஒப்பிடப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை போன்றவை இக்கணக்கில் சேரா.

ஆய்வேட்டில் காணப்படும் ஒப்புமையின் அளவுக்கேற்ப நடவடிக்கை அமையும்.

• 10 விழுக்காடு வரை: தண்டனை இல்லை.
• 10க்கு மேல் 40 வரை: 6 மாதங்களுக்கு மிகாத காலத்திற்குள் திருத்திய ஆய்வேட்டை அளித்தல் வேண்டும்.
• 40க்கு மேல் 60 வரை: திருத்திய ஆய்வேட்டை அளிக்க ஓராண்டுத் தடை.
• 60க்கு மேல்: ஆய்வுப் பதிவு நீக்கம்.

பட்டம் பெற்ற பின்னர்க் களவு மெய்ப்பிக்கப்பட்டாலும் அப்பட்டம் நிறுத்திவைக்கப்படும். காலம் கடந்தமையால் குற்றம் மறைந்துவிடுவதில்லை.

எண்ணும் நீதியும்
மென்பொருள் சொற்களின் ஒப்புமையையே காட்டும்; எழுதியவரின் நோக்கத்தை அது அறியாது. சொற்களை மாற்றிக் கருத்தை மட்டும் கவர்ந்தவர் அதன் கண்ணுக்குத் தப்பலாம். சான்று காட்டும் முறையை அறியாத மாணவர் அகப்படலாம். எனவே, தீர்ப்பு எண்ணிடம் விடப்படவில்லை. முதலில் துறை அளவிலான குழு ஆராய்ந்து, 45 நாள்களுக்குள் பரிந்துரை வழங்கும். பின்னர் நிறுவன அளவிலான குழு அதனை ஆராயும். இரு குழுக்களும் இயற்கை நீதி நெறிகளைப் பின்பற்றுதல் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளித்தல் அந்நெறிகளுள் முதன்மையானது. கவரப்பட்டவருக்கு உரிமை கிடைப்பதும், குற்றமற்றவர் தண்டிக்கப்படாதிருப்பதும் ஒருசேர நிகழ்ந்தால்தான் விதி அறமாகும்.

இன்றே தொடங்குக
ஆய்வு நேர்மை முனைவர் பட்டத்தின்போது திடீரெனத் தோன்றுவதன்று. பள்ளியில் செய்யும் செயல்திட்டத்திலேயே அது வேரூன்ற வேண்டும். இணையத்தில் கண்ட பத்தியை அப்படியே படியெடுக்கும் மாணவர் மதிப்பெண் பெறலாம். ஆயினும், தாமே சிந்தித்து எழுதும் ஆற்றலைப் பெறமாட்டார். படித்ததைத் தம் சொற்களில் எழுதி, எந்த நூலில் கண்டார் என்பதை அதன்கீழ் ஒரு வரியில் குறிப்பிடுபவரோ, அன்றே ஆய்வாளராகிவிடுகிறார்.